செத்துப் பிறந்த பிள்ளையைப் பதிவில் சேர்ப்பது எப்படி: தாயின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு

இதைத் தாய்க்கென்று எழுதவில்லை. பிள்ளை செத்துப் பிறந்த முதல் கிழமையில் அவளால் எந்த ஒபிஸுக்கும் போக முடியாது, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவும் முடியாது. ஆகவே இது, போனையும் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு வார்ட்டுக்கு வெளியே நிற்கிற புருஷனுக்கு, அக்காவுக்கு, மாமிக்கு, சில வேளை பக்கத்து வீட்டுக்காரிக்கு. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், இப்போது பிரசவம் அநேகமாக ஆஸ்பத்திரியில்தான், அதனால் "அங்கயே எல்லாம் பதிஞ்சிருப்பாங்கதானே" என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்பத்திரி தன் புத்தகத்தில் எழுதும், சரி. அந்தத் தகவல் ஊர் மிட்வைஃபின் காதுக்கு வருமா, இரண்டு வருடம் கழித்து அவள் மறுபடி பிள்ளைத்தாய்ச்சியாகும்போது கிளினிக் அட்டையில் ஏறுமா என்பதெல்லாம் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதில்தான் இருக்கிறது. இந்தப் பதிவின் பெரிய பலன் அடுத்து வரப்போகிற பிள்ளைக்குத்தான் என்பது என் கட்சி. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் எது எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, 28 வாரம் கடந்து தாயிடமிருந்து முழுதாக வெளியே வந்தபின் மூச்சோ வேறு உயிர் அடையாளமோ காட்டாத பிள்ளைதான் செத்துப் பிறந்த பிள்ளை. அதற்கு முன்னால் போனால் கருச்சிதைவு. வெளியே வந்து ஒரு தரம் மூச்சு விட்டிருந்தாலும் அது உயிருடன் பிறந்த பிள்ளை, அஞ்சு நிமிஷம் இருந்து போயிருந்தாலும் பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். இதில் வீட்டார் குழம்புவதைவிட, "எதுக்கு ரெண்டு பத்திரம், செத்துப் பிறந்ததெண்டே போட்டிருவம்" என்று யாராவது சுருக்குவழி சொல்வதுதான் பெரிய தொல்லை. ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை அழுததை, கையை அசைத்ததைத் தாய் கண்டிருந்தால் அவள் சொல்வதைக் கேட்டு டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். 28 வாரத்துக்கு முந்தியது என்றாலும் மிட்வைஃபிடம் சொல்லத்தான் வேண்டும், பதிவாளரிடம் போகிற வேலை மட்டும்தான் அதற்கு இல்லை.

ஆஸ்பத்திரியை விட்டு வர முன்னால்

வார்ட்டில் எல்லோரும் அவசரப்படுத்துவார்கள், பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும், தாயைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தால் போதும் என்று இருக்கும். ஆனால் வெளியே வந்தபின் திரும்பப் போய்க் கேட்பது பத்து மடங்கு கஷ்டம். ஆகவே துண்டு வெட்டி வீட்டுக்கு விட முன்னால், தாதியிடம் இல்லை, டொக்டரிடமே கேளுங்கள்: எத்தனை வாரம், எத்தனை கிராம், ஆணா பெண்ணா, வயிற்றுக்குள் ஏற்கனவே இறந்திருந்ததா இல்லை பிரசவ நோ தொடங்கிய பிறகா, நஞ்சுக்கொடியில் ஏதும் கண்டார்களா, தாய்க்குப் பிரஷர், சீனி, காய்ச்சல் ஏதும் இருந்ததா. நோவுக்கு முன்னாலா பின்னாலா என்ற கேள்வி முக்கியம். உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் பிள்ளைகள் இப்படிப் போகின்றன, அதில் 40 வீதத்துக்கும் மேல் பிரசவ நேரத்தில், அவற்றில் பெரும்பங்கு கவனிப்பால் தடுக்கக்கூடியவை. வயிற்றுக்குள்ளேயே போனதென்றால் தேடும் காரணம் வேறு, அடுத்த முறை பார்க்கும் விதமும் வேறு.

இவை டயக்னோசிஸ் கார்டில், அதாவது வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரி தரும் அட்டையில், எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "பிரசவம் நடந்தது, தாய் நலம்" என்று மட்டும் இருந்தால் அதை வாங்கிக்கொண்டு வராதீர்கள், மரியாதையாகத்தான், "டொக்டர், அடுத்த முறை கிளினிக்கில காட்ட வேணும், விபரத்த எழுதித் தாங்க" என்று கேளுங்கள். நான் பார்த்த அளவில் கேட்டவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கேட்காதவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

இரத்த வகை. தாய்க்கு நெகட்டிவ் என்றால், பிள்ளையின் இரத்தம் பொசிட்டிவ் என்று தெரிந்தாலோ என்னவென்றே தெரியாவிட்டாலோ, பிரசவமாகி 72 மணித்தியாலத்துக்குள் அன்டி-டி ஊசி போட வேண்டும். பிள்ளை இல்லையே, இனி என்ன ஊசி என்று நினைத்து இதை விட்டால், அடுத்த பிள்ளையின் இரத்தத்தைத் தாயின் உடம்பே தாக்கும் நிலை வரலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே வீட்டோடு மறைக்கக் கூடாது என்பேன்.

பிரேத பரிசோதனை செய்யலாமா என்று கேட்டால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எதற்கென்று கேளுங்கள், உடலை எப்போது தருவார்கள் என்று கேளுங்கள், வெட்டாமல் நஞ்சுக்கொடியை மட்டும் சோதிக்க முடியுமா, தாயின் இரத்தத்தை மட்டும் பார்த்தால் போதுமா என்றும் கேளுங்கள். முடிவு உங்களுடையது.

பதிவாளர் விஷயம் இதோடு சேர்ந்தது. பிறப்பு இறப்புப் படிவங்களைப் பார்க்கும் இடம் ஆஸ்பத்திரியில் எங்கே என்று விசாரித்து, செத்துப் பிறந்ததற்கான படிவம் எழுதிவிட்டார்களா, அது எந்தப் பதிவாளருக்குப் போகிறது, நீங்கள் போய்க் கையெழுத்து வைக்க வேண்டுமா என்று அன்றே கேட்டு வையுங்கள். இரண்டு பேரின் அடையாள அட்டை, விவாகப் பதிவு, கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருங்கள். பள்ளியில் நிக்காஹ் மட்டும் நடந்து பதிவு இன்னும் எடுக்காத ஆட்கள், கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் இருக்கும் ஆட்கள், இதைக் கேட்டாலே வெட்கத்தில் திரும்பி விடுகிறார்கள். வெட்கத்துக்கு ஒன்றுமில்லை, இருக்கிறதைக் கொண்டுபோய் விஷயத்தைச் சொல்லுங்கள்.

பிள்ளையைத் தாய் பார்க்கலாமா? பார்க்க விரும்பினால் காட்டச் சொல்லுங்கள். "பார்த்தா மனசில நிண்டிரும்" என்று பெரியவர்கள் தடுப்பார்கள், அவள் முகத்தைப் பார்த்து அவளிடமே கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம், மற்ற யாரும் அவளுக்காக முடிவெடுக்க வேண்டாம்.

வீட்டிலோ வழியிலோ நடந்துவிட்டால்

படுவான்கரைப் பக்கம், வாகரைப் பக்கம், பொத்துவிலுக்கு அங்கால இருக்கிற ஊர்களில் இது இன்னும் நடக்கிறது. இரவில் யானை ரோட்டில் நிற்கும், ஆற்றைக் கடக்கிற பாதை (மிதவைப் படகு) ஓடாது, ஆட்டோக்காரர் வர மாட்டார். நோ தொடங்கினாலோ பிள்ளையின் அசைவு குறைந்தாலோ 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிள்ளை ஏற்கனவே பிறந்து உயிர் இல்லாவிட்டாலும் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நஞ்சுக்கொடி மிச்சம் நின்றால் இரத்தப்போக்கில் தாயும் போய்விடுவாள். பிள்ளையைத் துணியில் சுற்றி, நஞ்சுக்கொடியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

புதைத்துவிட்டுப் போகாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு செய்கிற காரியம் பொலிஸ் கேஸில் முடியலாம். பிள்ளை பிறந்ததை மறைப்பதற்காக உடலை ஒளித்துப் புதைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 309ஆம் பிரிவின்படி குற்றம், பிள்ளை பிறக்க முன்னால் இறந்ததா பின்னால் இறந்ததா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. செத்துப் பிறந்தது குற்றமே இல்லை. ஒளிப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அன்று இரவே மிட்வைஃபுக்கு ஒரு கோல், காலையில் கிராம சேவகருக்கு ஒரு சொல், அவ்வளவும் போதும் உங்கள் பக்கம் சுத்தம் என்று காட்ட. திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டுமா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

வாயை அடைப்பது யார்

ஒபிஸில் இருப்பவர்கள் இல்லை, வீட்டில் இருப்பவர்கள்தான், அதிலும் பாசத்தில். நம்ம பக்கத்தில், தமிழர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், கலியாணம் முடித்த பெண் தாயின் வளவிலோ அதற்குப் பக்கத்திலோதான் இருக்கிறாள், வீடு அவள் பேரில், மாப்பிள்ளைதான் வந்து சேர்ந்தவர். வேறு இடங்களில் மாமியார் குத்திக் காட்டுவாளே என்று பெண் பயப்படுவாள், இங்கே அவளுடைய சொந்தத் தாயே "யாருக்கும் சொல்லாத மகள், வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் பேச்சு" என்று வாயைப் பொத்துகிறாள். மாமியாரோடு சண்டை பிடிக்கலாம், மடியில் தலையை வைத்துத் தடவிவிடும் அம்மாவோடு எப்படிப் பிடிப்பது. அதனால் பேச வேண்டியது அம்மாவோடுதான், தனியே, மகள் கேட்காத இடத்தில். சட்டம் கிட்டம் என்று தொடங்காதீர்கள். "அடுத்த பிள்ளைக்கு இவ கிளினிக் போகேக்க இத சொல்லாட்டி, சாதாரண ஆள் மாதிரிப் பார்த்து அனுப்புவாங்க, சொன்னா பெரிய டொக்டரிட்ட அனுப்பிப் பார்ப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பேரப்பிள்ளை என்ற பேச்சு வந்ததும் அம்மாக்கள் இளகுவார்கள்.

தங்கச்சியின் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் இன்னும் இறுகும். "அந்தக் குடியில (தாய்வழிக் குலத்தில்) பிள்ளை தங்காது" என்று ஒரு சொல் ஊரில் உலாவினால் போதும், சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயம், அது முழுக்க வீண் பயம் என்றும் என்னால் சொல்ல முடியாது. இதற்கு வழி: மிட்வைஃபிடம் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றில்லை. அவர் ஊர்ப் பிள்ளை என்றால், சொந்தக்காரி என்றால், வீட்டுக்கு வர வேண்டாம், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் வந்து சொல்கிறோம் என்று கேட்கலாம். சுகாதார வைத்திய அதிகாரியிடமே நேரே போய்ச் சொல்லவும் முடியும்.

துடக்கு, அதாவது தீட்டு. எத்தனை நாள் துடக்கு, செத்துப் பிறந்ததற்கு உண்டா இல்லையா என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் துடக்கு முடியும்வரை யாரும் வர வேண்டாம் என்று மிட்வைஃபையும் சேர்த்து நிறுத்துவது பிழை. பிரசவத்துக்குப் பிறகு அவர் வீடு வந்து பார்ப்பது பிள்ளையை நிறுக்க மட்டும் என்று நினைக்கிறோம், தாயின் காய்ச்சல், இரத்தப்போக்கு, தையல், பிரஷர் எல்லாம் அந்த வருகையில்தான் பிடிபடும். பால் சுரப்பு வேறு. இரண்டு மூன்று நாளில் பால் கட்டும், குடிக்கப் பிள்ளை இல்லை, நெஞ்சு கல்லாகும், அந்த வேதனையை அவள் யாரிடம் சொல்வாள். நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கிற, ஆனால் இறுக்காத உள்ளாடை, குளிர்ந்த துணி ஒத்தடம், பிழிந்து பிழிந்து எடுக்காமல் இருப்பது என்று சொல்லித்தர ஒருவர் வேண்டும். சூடும் சிவப்புமாக வீங்கிக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு.

செய்வினை, கண்ணூறு, பேய் அறைந்தது. மந்திரத்துக்குப் பேர்போன ஊர் நம்மடது, இதைச் சொல்லிச் சிரித்தால் கதவு மூடிவிடும். கழிப்புக் கழிக்க வேண்டுமா, செய்யுங்கள். ஆனால் காரணம் கண்டுபிடித்தாச்சு என்று அத்தோடு நிறுத்தினால் சீனியும் பிரஷரும் அப்படியே உடம்பில் கிடக்கும். அதைவிட மோசம் தாயின் மேலே பழி: பப்பாசி தின்றாள், மத்தியானத்தில் மரத்தடியால் போனாள், சைக்கிளில் ஏறினாள். பிரஷர், சீனி, கிருமித் தொற்று, பிள்ளை வளராமல் போவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுவிடுவது, பிறவிக் குறை, இவைதான் டொக்டர்மார் தேடும் காரணங்கள், எவ்வளவு தேடியும் காரணம் தெரியாமல் போவதும் நிறைய. பழி சுமந்த பெண் மிட்வைஃபிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள், சொன்னால் தன் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பாள்.

அடக்கம்

இந்து வீடுகளில் சின்னப் பிள்ளைகளைப் புதைப்பதுதான் வழக்கம், சடங்கு பெரிதாக இல்லை. சடங்கு இல்லாததால் பெயரும் இல்லை, பெயர் இல்லாததால் நடக்காத மாதிரி. பெயர் வைக்க விரும்பினால் வையுங்கள், யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. முஸ்லிம் வீடுகளில், ஷாபி மத்ஹபின்படி நான்கு மாதம் கடந்து உயிர் அடையாளம் இல்லாமல் பிறந்த பிள்ளையையும் குளிப்பாட்டிக் கபனிட்டு மையவாடியில் அடக்குகிறார்கள், தொழுகை பற்றி உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள். எங்கே அடக்கியது என்று தாய்க்குச் சொல்லுங்கள். வாப்பாவும் மாமாவும் போய் அடக்கிவிட்டு வந்து, "அதெல்லாம் முடிஞ்சிது, நினைக்காத" என்று விடுவார்கள், அவள் வருடக் கணக்காக அந்த இடத்தைக் கேட்கக்கூடப் பயந்துகொண்டிருப்பாள். ஆஸ்பத்திரியிடமே விட்டுவர முடிவெடுத்தால், என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்து வையுங்கள்.

தாய் கலியாணம் ஆகாத பெண் என்றால்

இதில் மறைப்பு உச்சத்தில் இருக்கும். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் வேறு எதற்கும் கருக்கலைப்பு இங்கே சட்டவிரோதம், அதனால் தானாகவே செத்துப் பிறந்தாலும் கலைத்ததாகச் சந்தேகம் வரலாம் என்று வீட்டார் ஒளிக்கிறார்கள். ஒளித்தால்தான் அந்தச் சந்தேகம் பலக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுக்கு வைத்தியம் கிடைக்கும், என்ன நடந்தது என்று எழுத்திலும் இருக்கும். பதினாறு வயதுக்குக் கீழ் என்றால் பொலிஸும் சட்ட வைத்திய அதிகாரியும் வருவார்கள், அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது, அவள்தான் பாதிக்கப்பட்டவள். கூடப் போகிற ஆள் அவளைக் கேள்வி கேட்காத ஆளாக இருக்கட்டும்.

மிட்வைஃபும் பயப்படுகிறார்

இதை யாரும் சொல்வதில்லை. ஒரு பிள்ளை செத்துப் பிறந்தால் மேலே இருந்து அவரிடம் கேள்வி வரும், எத்தனை தரம் வீட்டுக்குப் போனாய், பிரஷர் பார்த்தாயா, அட்டையில் ஏன் எழுதவில்லை என்று. சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் இந்த இறப்புகளை மீளாய்வு செய்வது எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்கத்தான், ஆனால் கீழ்மட்டத்தில் அது விசாரணை மாதிரித்தான் படுகிறது. ஆகவே முதல் போனிலேயே "நீங்க வந்து பார்க்காததாலதான்" என்று தொடங்கினால் அவரும் சுருங்கிவிடுவார், எழுதுவதும் சுருங்கும். "மிஸ், எங்கட பிள்ளை இப்பிடி ஆகிட்டு, உங்கட புத்தகத்தில போட வேணும், எப்ப வாறீங்க" என்று கேட்டாலே வேலை நடக்கும். உண்மையிலேயே கவனக்குறைவு என்று நினைத்தால் அதை வேறாக வையுங்கள்: எழுத்தில், திகதி நேரத்தோடு, ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கோ. அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்க்காரர்கள் கவனிக்க, கல்முனைக்குத் தனிப் பிராந்தியப் பணிமனை உண்டு, அம்பாறை டவுனுக்கு அலைய வேண்டாம்.

வேலை செய்கிற பெண்ணுக்கு

கார்மென்டில், கடையில், ஒபிஸில் வேலை செய்பவள் என்றால், பிள்ளை உயிருடன் பிறக்காவிட்டாலும் சட்டப்படி ஆறு வாரம், அதாவது 42 நாள், சம்பளத்துடன் பிரசவ விடுமுறை உண்டு. இது தெரியாமல் பத்தாம் நாளே மெஷினில் போய்க் குந்துகிறார்கள், மேற்பார்வையாளருக்குக் காரணம் சொல்ல வெட்கப்பட்டுக் காய்ச்சல் என்று லீவு போடுகிறார்கள். டயக்னோசிஸ் கார்டின் பிரதியை மனிதவளப் பிரிவில் மட்டும் கொடுத்தால் போதும்.

மனசு பற்றி நீளமாக எழுதத் தெரியவில்லை. பல கிழமை கழித்தும் தூங்காமல், சாப்பிடாமல், நானும் போகிறேன் என்று பேசினால் தாமதிக்க வேண்டாம், தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இல்லையென்றால் பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. புருஷனையும் ஒரு கண் பாருங்கள், அவர் அழாததால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, குடி கூடியிருக்கும்.

அடுத்த முறை

அவள் மறுபடி கர்ப்பமானதும் மிட்வைஃபிடம் பதிகிற முதல் நாளில், "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் உயிரோடு இருப்பதை மட்டும் எண்ணிச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள், புது மிட்வைஃப் மாறி வந்திருந்தால் பழைய கதை அவருக்குத் தெரியாது. கூடப் போகிறவர் சொல்லுங்கள், இது எத்தனையாவது வயிறு, முந்தினது எத்தனை வாரத்தில் எப்படிப் போனது என்று. மாமி பக்கத்தில் நிற்பதால் சொல்லத் தயங்கினால் டயக்னோசிஸ் கார்டை எடுத்து நீட்டினால் போதும், அதற்காகத்தான் அன்றே போனில் ஒரு படமும் எடுத்து வைக்கச் சொல்வேன், கார்ட் வெள்ளத்தில் போகலாம், வீடு மாறும்போது தொலையலாம். முன்பு பிள்ளை செத்துப் பிறந்தவள் என்று அட்டையில் ஏறிவிட்டால் அவளை அபாயமுள்ள கர்ப்பமாகக் கணக்கெடுத்து மகப்பேற்று நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்புவார்கள், சீனியும் பிரஷரும் நெருக்கிப் பார்ப்பார்கள், பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்ப்பார்கள், பிரசவ நாளையும் முன்கூட்டித் திட்டமிடுவார்கள். அந்தக் கிளினிக் நாளில் வயலில் வேலை, கலியாண வீடு என்று தவறவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, அசைவு குறைந்தது என்று அவள் சொன்னால் விடியட்டும் என்று சொல்லாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போவதும்.